சரோஜா அத்தை சுவரைச் சோதித்த வெள்ளிக்கிழமை

இந்தக் கதையின் நடுப்பகுதியை நான் கண்ணால் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் நான் ஏசி அறைக்குள் உட்கார்ந்து, பதற்றமே இல்லாதவன் போல நடித்துக்கொண்டிருந்தேன். வெளியில் நடந்தது என் தங்கை தேவி சொல்லித்தான் தெரியும். தேவி எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள். அதனால் கால்வாசியைக் கழித்துவிட்டு எழுதுகிறேன்.

அன்று எனக்கு இருந்த வேலை ஒன்றுதான். சான்றிதழ் நகல்களைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

எங்கள் தெருவிலிருந்து நடந்து போகிற தூரத்தில் புதிதாக ஒரு மல்டிப்ளெக்ஸ் திறந்திருக்கிறார்கள். மூன்று திரை. அங்கே ட்ரெய்னி வேலைக்கு எழுதிப் போட்டு, நேர்முகத் தேர்வும் முடிந்து, "செலக்டட்" என்று வாயால் சொல்லியும் விட்டார்கள். சான்றிதழைப் பார்த்துவிட்டு ஆர்டரைக் கையில் கொடுப்பதாகப் பேச்சு.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வாங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் பட்டம் இதுவரை செய்த ஒரே வேலை, பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் படுத்துக் கிடப்பது. ஆகவே இந்த வேலை எனக்கு வேண்டும். ரொம்பவும் வேண்டும்.

மேனேஜர் சென்னைக்காரர். போனில் நல்லவிதமாகவே பேசினார்.

"வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வாங்க பாலு. ஃபேமிலிக்கு ரெண்டு பாஸ் வச்சிருக்கேன். நாம பேசிக்கிட்டு இருக்கிற நேரத்துல அவங்க படம் பார்க்கட்டும்."

அப்பாவும் அம்மாவும் ஒரு கல்யாணப் புடவையை முடித்துக் கொடுக்கிற அவசரத்தில் இருந்தார்கள். தறியை விட்டு எழுந்திருக்க வழியில்லை. ஒரு பாஸ் தேவிக்கு. இன்னொன்று யாருக்கு என்று நான் யோசித்து முடிப்பதற்குள் சரோஜா அத்தை தலை சீவிப் பூ வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

அத்தை என் அப்பாவின் அக்கா. பக்கத்து வீடு. இரண்டு தறி ஓடுகிறது. அவரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அத்தைக்குப் பட்டைக் கண்ணால் மட்டும் பார்க்கத் தெரியாது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தால்தான் பார்த்ததாக அர்த்தம். என் சித்தப்பா மகள் நிச்சயதார்த்தத்தில், மாப்பிள்ளையின் அம்மா கட்டியிருந்த புடவையின் முந்தியைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தவர். அது அசல் பட்டாக இருந்ததால்தான் அந்தக் கல்யாணம் நடந்தது.

அதனால் போகும் வழியிலேயே நான் சட்டதிட்டங்களைச் சொல்லிவிட்டேன்.

"அத்தை, அங்க சத்தமா பேசாதீங்க."

"சரிடா."

"எதையும் தொடாதீங்க."

"நான் இன்னா சின்னப் புள்ளையா?"

"முக்கியமா, நான் ஆபீசு ரூமுக்குள்ள இருப்பேன். பாலு, பாலுன்னு வந்து கூப்பிடாதீங்க. என்னைத் தெரியாத மாதிரியே இருந்துக்குங்க."

கடைசி வரியைச் சொல்லியிருக்கக் கூடாது. அப்போது அது எனக்குத் தெரியவில்லை. நான் பத்தடி முன்னால் நடந்தேன். அத்தையும் தேவியும் பின்னால் வந்தார்கள். ஏதோ ஒரு குடும்பம், ஏதோ ஒரு பட்டதாரி.

வாசலில் பை சோதனை. அத்தை காலையில் அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்தவர். கையில் அதே கூடை. செக்யூரிட்டி அண்ணன் அதற்குள் கையை விட்டு, கடமை தவறாமல் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். முறுக்குப் பொட்டலம், தண்ணீர் பாட்டில், இரண்டு வாழைப்பழம்.

"வெளி சாப்பாடு நாட் அலவுட்மா."

"வாழப்பழம் சாமிக்கு வச்சதுபா."

"சாமிக்கு வச்சாலும் வாழப்பழம் வாழப்பழம்தான்மா."

அடுத்ததாக ஒரு சின்ன பித்தளை டப்பா வந்தது. திறந்தார். உள்ளே கற்பூரம், ஒரு தீப்பெட்டி. செக்யூரிட்டி அண்ணனின் முகம் மாறியது. செருப்பிலிருந்து காலை உருவிக்கொண்டு, டப்பாவைக் கண்ணில் ஒற்றித் திருப்பிக் கூடைக்குள் வைத்தார்.

"இது சாமி சாமான். நீங்க எடுத்துக்கினு போங்கம்மா."

மல்டிப்ளெக்ஸின் பாதுகாப்பு ஏற்பாடு அன்று முறுக்கிடமிருந்து எங்களைக் காப்பாற்றியது. இதை நானே கண்ணால் பார்த்தேன்.

உள்ளே நுழைந்ததும் எதிரில் அந்தச் சுவர். பத்தடி உயரம், அதைவிட அகலம். முழுக்க அரக்குச் சிவப்புத் துணி, கீழே மஞ்சள் கரை, நடுவில் ஆள் உயரத்துக்கு இரண்டு அன்னப்பட்சி. பக்கத்தில் பித்தளை நிறத்தில் ஒரு போர்டு: "காஞ்சிப் பட்டுச் சுவர். நம் நெசவாளர்களின் கைவண்ணம்." அதன் முன்னால் நாலைந்து பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் ஆபீஸ் அறைக்குள் போனேன். கதவு மூடிக்கொண்டது. இங்கிருந்து தேவி சொன்ன கதை.

படம் தொடங்க இன்னும் நேரம் இருந்ததாம். அத்தை சுவருக்கு முன்னால் போய், கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாராம். தொடாதே என்று நான் சொல்லியிருந்தேன் அல்லவா, அதற்காக. அப்படியே இரண்டு நிமிஷம் நின்றாராம். அப்புறம் மூக்கைக் கிட்டத்தில் கொண்டுபோனாராம்.

"தேவி, இது பட்டு இல்லடி."

"சும்மா இரு அத்தை. போர்டு போட்டிருக்குது பாரு."

"போர்டு யாரு வேணா போடலாம். பளபளப்பைப் பாரு, எந்தப் பக்கம் நின்னு பாத்தாலும் ஒரே மாதிரி அடிக்குது. பட்டு அப்படி மின்னாது."

பக்கத்தில் சீருடையில் ஒரு பெண் நின்றிருந்தாள். வந்தவர்களை வரவேற்பது அவள் வேலை. அவள் சிரித்த முகத்தோடு, "ப்யூர் காஞ்சி சில்க், மேடம்" என்றாளாம்.

அத்தை திரும்பிப் பார்த்தாராம். "உனக்கு எந்த ஊரும்மா?"

"தாமல், மேடம்."

"தறி ஓடுற தாமல்ல இருந்துக்கினு இதைப் பட்டுன்றியே. யாரு நெய்ஞ்சது இது?"

"நம்ம நெசவாளருங்கதான் மேடம். போர்டுல இருக்குதே."

"நம்ம நெசவாளருன்னா நான்தான். நான் நெய்யல. இம்மாம் அகலத்துக்கு, நடுவுல ஒரு தையல் இல்லாம நெய்யறதுக்கு எந்த வூட்ல தறி இருக்குது, சொல்லு. வூட்டு கூரையைப் பிரிச்சாதான் அந்தத் தறி உள்ள போவும்."

அந்தப் பெண் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "ட்ரெய்னிங்ல அப்படித்தான் சொல்லச் சொன்னாங்க ஆண்ட்டி" என்றாளாம். மேடம் ஆண்ட்டியாகிவிட்டார். அத்தை ஜெயித்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

இந்த இடத்தில் அத்தையின் கை முதுகை விட்டு முன்னால் வந்துவிட்டது. கீழ்மூலையில் ஒரு பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து லேசாக இழுத்தார்.

பட்டு இழை என்றால் அங்கேயே பட்டென்று அறுந்திருக்கும். இது அறுந்துபோகவில்லை. வந்தது. இன்னும் வந்தது. ஒரு முழம் வந்தது. இழுக்க இழுக்கச் சுவரில் ஒரு சுருக்கம் மூலையிலிருந்து கிளம்பி, கரையைத் தாண்டி, நேராக அன்னப்பட்சியின் கழுத்துவரைக்கும் ஓடியது. அன்னப்பட்சி தலை குனிந்துவிட்டது.

"போதும் அத்தை" என்று தேவி சொன்னாளாம்.

"ஆவட்டும்டி. கொளுத்திப் பாத்துட்டா சண்டை முடிஞ்சிது."

எங்கள் தெருவில் புதுப் பட்டு நூல் வந்தால் முதலில் செய்கிற வேலை அது. ஓர் இழையைக் கொளுத்துவோம். அசல் பட்டு என்றால் தலைமுடி கருகிய வாடை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். இல்லையென்றால் உருகி உருண்டையாகிவிடும். இதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. யாரும் இதைத் தீ வைப்பதாக நினைப்பதில்லை. கடையில் தக்காளியை அமுக்கிப் பார்ப்பது மாதிரி.

அத்தை பளிங்குத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பித்தளை டப்பாவின் மூடியில் இழையைச் சுருட்டி வைத்தார். தீப்பெட்டியை எடுத்து உரசினார். தடுக்க வேண்டிய சீருடைப் பெண், தானும் குனிந்து வாடை பார்த்தாளாம். அவள் வீட்டிலும் தறி இருக்கிறதாம். இது தேவி கூட்டிச் சொன்ன கால்வாசியில் சேருமா என்று எனக்குத் தெரியவில்லை. நன்றாக இருக்கிறது என்பதால் விட்டுவைக்கிறேன்.

இழை சுருண்டது. பிளாஸ்டிக் வாளி எரிந்த வாடை. மூடியில் கறுப்பாக ஒரு சின்ன உருண்டை.

"பாத்தியா?" என்றார் அத்தை.

அந்த நொடியில் சத்தம் கேட்டது. பீப். பீப். பீப்.

உள்ளே எனக்கு நடந்துகொண்டிருந்தது இது. மேனேஜர் என் சான்றிதழ்களைப் புரட்டிவிட்டு, "கடைசியா ஒரு கேள்வி பாலு. திடீர்னு எமர்ஜென்சின்னா முதல்ல என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

இதற்கு நான் இரண்டு நாள் மனப்பாடம் செய்திருந்தேன். "சார், முதலில் நான் பதற்றமடையாமல், வாடிக்கையாளர்களை அமைதியாக..."

பீப். பீப்.

"இது டெஸ்ட்டா சார்?" என்றேன்.

மேனேஜரின் முகத்தைப் பார்த்தால் டெஸ்ட் மாதிரித் தெரியவில்லை. வெளியில் யாரோ "ஃபயர் அலாரம், ஃபயர் அலாரம்" என்று கத்தினார்கள்.

பதற்றமடையாமல் நான் செய்தது: சான்றிதழ்களை வாரி ஃபைலில் போட்டேன், ஃபைலை நெஞ்சோடு அணைத்தேன், ஓடினேன். கார் பார்க்கிங்கை முதலில் அடைந்த ஆள் நான்தான். எனக்குப் பின்னால் வாடிக்கையாளர்கள் அமைதியாக வந்தார்கள். அங்கே போய் நின்ற பிறகுதான், உள்ளே அத்தையும் தங்கையும் இருக்கிறார்கள் என்பது நினைவுக்கு வந்தது.

மூன்று திரையும் காலியானது. நல்ல வெயில். ஒருவர்கூடப் பாப்கார்னை விட்டுவிட்டு வரவில்லை. ஒரு பெரியவர் என்னிடம், "இடைவேளை இவ்ளோ சீக்கிரமா வுடறானே, படம் சின்னதாபா?" என்று கேட்டார். எல்லாருக்கும் கடைசியாகப் பாப்கார்ன் கவுண்டர் அக்கா வந்தார். பொறுப்பாகக் கவுண்டரின் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். சத்தமும் அந்த நேரத்தில்தான் நின்றது. இதை நான் கவனித்தேன், ஆனால் யோசிக்கவில்லை. யோசிக்கிற நிலைமையில் இல்லை.

ஏனென்றால் செக்யூரிட்டி அண்ணன் அத்தையை அழைத்துக்கொண்டு வந்தார். அத்தையின் உள்ளங்கையில் டப்பா மூடி. பின்னால் தேவி.

"சார், இவங்கதான் சார் உள்ள நெருப்பு வச்சாங்க" என்றார், தீப்பெட்டி இருந்த டப்பாவைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட அதே மனிதர்.

மேனேஜர் கேட்டார். "யாரும்மா நீங்க? யாரோட வந்தீங்க?"

அத்தை என்னைப் பார்த்தார். நெஞ்சில் அணைத்திருந்த ஃபைலைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மேனேஜரைப் பார்த்தார். நான் சொல்லியிருந்த சட்டதிட்டங்களில் ஒன்றாவது அவருக்கு அந்த நேரத்தில் நினைவு வந்தது.

"நான் தனியா வந்தேன்பா."

"அப்ப இந்தப் பொண்ணு?"

"அது யாரோ."

தேவி இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள்.

மேனேஜர் என் பக்கம் திரும்பித் தலையை ஆட்டிக்கொண்டார். "பாத்தீங்களா பாலு. இவ்ளோ செலவு பண்ணி ஒரு இடம் கட்டுறோம். உள்ள விட்டா இப்படித்தான் பண்றாங்க. நாளைக்கு இந்த மாதிரி ஆளுங்களை நீங்கதான் ஹேண்டில் பண்ணணும்."

அத்தை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எனக்காகத்தான் அப்படி நிற்கிறார் என்று தெரிந்தும் நான் பேசாமல் நின்றேன். எவ்வளவு நேரம் என்பதில் எனக்கும் தேவிக்கும் இன்னும் தகராறு. பத்து நொடி என்கிறேன் நான். செக்யூரிட்டி திருப்பிக் கொடுத்த முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துத் தான் இரண்டு முறுக்கு தின்று முடித்துவிட்டதாக அவள் சொல்கிறாள்.

"சார், எங்க அத்தை" என்றேன்.

"என்ன?"

முதல் தடவை எனக்கே கேட்கவில்லை. இரண்டாவது தடவை பார்க்கிங்குக்கே கேட்டது. "அவங்க எங்க அத்தை சார். சொந்த அத்தை. அந்தப் பொண்ணு என் தங்கச்சி. பாஸ் நீங்க குடுத்தது."

மேனேஜர் எதுவும் சொல்வதற்கு முன்னால், பெரியவர் ஒருவர் எட்டி அத்தையின் கையிலிருந்த மூடியைப் பார்த்துவிட்டார். படம் சின்னதா என்று கேட்டவர்தான்.

"இன்னாமா இது, உருண்டையா இருக்குது?"

"உள்ள சுவத்துல இருக்கிற பட்டு" என்றார் அத்தை.

பெரியவர் உருண்டையை விரலில் எடுத்து நசுக்கினார். நசுங்கவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். அவரும் நசுக்கினார். அது கைமாறிக் கைமாறிப் போனது. அங்கே நின்றிருந்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் தறி இருக்கும். மீதிப் பேர் பட்டுக்கடையில் வேலை பார்ப்பவர்கள்.

"மேனேஜர் சார், இது பட்டு இல்ல சார்."

"இருங்க சார், முதல்ல எல்லாரும் உள்ள போய் உக்காருங்க. படம் போடப் போறோம்."

"படம் எங்க போயிடப் போவுது சார்? நம்ம பேரைப் போட்டு மாட்டி வச்சிருக்கீங்களே, அதைப் பாத்துட்டு வரோம்."

உள்ளே போனார்கள். ஆனால் யாரும் சீட்டுக்குப் போகவில்லை. சுவருக்குப் போனார்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல். தேய்த்தார்கள். ஒரு பெண் ஓர் இழை எடுத்துக்கொண்டாள், வீட்டுக்காரரிடம் காட்ட. அதைப் பார்த்து இன்னொருவர். "எனக்கும் ஒண்ணு உருவுமா" என்று வரிசை நின்றது. படம் ஆரம்பிப்பதற்குள் இடது பக்க அன்னப்பட்சிக்கு இறக்கை இல்லை.

மேனேஜர் என்னைத் தனியாக அழைத்தார். கோபமாகக்கூட இல்லை, களைத்திருந்தார்.

"அலாரம் அடிச்சா ஹெட் ஆபீசுக்கு ரிப்போர்ட் போகணும் பாலு. காரணம் எழுதணும். காரணம் உங்க ரிலேட்டிவ். அந்த ரிப்போர்ட் முடியிற வரைக்கும் உங்க ஆர்டரை நான் தர முடியாது. திங்கக்கிழமை வந்து நீங்களே எழுதிக் குடுங்க, நடந்ததை."

அன்று சாயங்காலம் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"டேய் பாலு. நான் போயி அந்த ஆளுகிட்ட மன்னிப்பு கேக்கட்டுமா?"

"வேணாம் அத்தை."

"கேக்கறேன்டா. எனக்கு ஒண்ணும் இல்ல." கொஞ்சம் யோசித்தார். "ஆனா அதைப் பட்டுன்னு மட்டும் சொல்லச் சொல்லாத."

திங்கட்கிழமை போனேன். ரிப்போர்ட் படிவத்தில் முதல் கேள்வி: அலாரம் எந்த இடத்தில் அடித்தது? எனக்குத் தெரியாததை எழுத எனக்குக் கை வராது. தப்பாக எழுதிவிடுவேனோ என்ற பயமும் ஒரு காரணம். எலக்ட்ரீஷியன் அண்ணன் ஏணியோடு நின்றிருந்தார். அவரிடம் கேட்டேன்.

"அண்ணா, வெள்ளிக்கிழமை எந்த அலாரம் அடிச்சுது?"

"எந்த அலாரம்பா?"

"சுவருக்கு மேல இருக்குதே, வெள்ளையா, வட்டமா, புகை வந்தா கத்துறது."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஏணியில் ஏறி, அந்த வட்டத்தைத் திருகிக் கழற்றிக் காட்டினார். உள்ளே ஒயர் மடித்து டேப் சுற்றி வைத்திருந்தது. "இதுக்கு இன்னும் கனெக்‌ஷனே குடுக்கலபா. அதுக்கான கன்ட்ரோல் பெட்டி வந்தாதான் குடுக்கணும். நீ கீழ உக்காந்துக்கினு ஹோமம் வளத்தாலும் இது அடிக்காது."

அப்போது அது கேட்டது. பீப். பீப். பீப்.

மேனேஜர் அறையிலிருந்து பாய்ந்து வெளியே வந்தார். நான் என்னை அறியாமல் பார்க்கிங் பக்கம் இரண்டு அடி எடுத்து வைத்துவிட்டேன். பாப்கார்ன் கவுண்டர் அக்கா மட்டும் சாவகாசமாக ஸ்விட்சை அணைத்தார்.

"புது மெஷின் சார். வெள்ளிக்கிழமை காலைலதான் மாட்டுனாங்க. சூடு ஏறிடுச்சுன்னா கத்துது."

மேனேஜரும் எலக்ட்ரீஷியன் அண்ணனும் நானும் அந்த மெஷினைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தோம்.

நான் ரிப்போர்ட்டை எழுதினேன். இரண்டு வரி. ஒன்று: ஒலித்தது பாப்கார்ன் இயந்திரம். இரண்டு: புகை உணரும் கருவிக்கு இணைப்பு கொடுக்கப்படவில்லை.

மேனேஜர் படித்தார். "ரெண்டாவது லைன் வேணுமா பாலு?"

"அது இல்லன்னா முதல் வரியை நம்ப மாட்டாங்க சார். எங்க அத்தைன்னுதான் நினைப்பாங்க."

மேனேஜர் பேனா மூடியைத் திருகினார். பிறகு கையெழுத்துப் போட்டார். ரிப்போர்ட் போனது. அடுத்த வாரம் அந்தப் பெட்டி வந்தது, கருவிக்கு இணைப்பு கொடுத்தார்கள். அதற்கடுத்த வாரம் என் ஆர்டரும் வந்தது. சுவரில் இறக்கை போன அன்னப்பட்சியை ஒரு பூந்தொட்டி வைத்து மறைத்தார்கள். போர்டை மாற்றினார்கள். இப்போது "காஞ்சிப் பட்டின் சாயலில்" என்று இருக்கிறது. அத்தையிடம் சொன்னேன். "சாயல்னா சரி" என்றார். அந்தப் படத்தை அவர் இன்னும் பார்க்கவில்லை.

வேலையில் சேர்ந்ததும் ஒரு கனமான பதிவேட்டை என்னிடம் ஒப்படைத்தார்கள். கட்டடத்தில் என்னென்ன சோதிக்கப்பட்டது, யார் சோதித்தார், முடிவு என்ன என்று எழுத வேண்டிய பதிவேடு. லிஃப்ட், ஜெனரேட்டர், தீயணைப்புக் குழாய், அவசர வழிக் கதவு என்று தனித்தனிப் பக்கம். நான் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். எல்லாப் பக்கமும் காலி. அந்தக் கட்டடத்தில் இதுவரை முறையாகச் சோதிக்கப்பட்டது அந்தத் துணி ஒன்றுதான்.